இருவாச்சி சொன்னது

லங்காவித் தீவின் மழைக்காட்டில் செலஸ்டின் பதினோரு வருடங்களாகச் சுற்றுலா வழிகாட்டி. பறவைகளின் பேச்சைத் தமிழில் சொல்லும் கருவியைப் பயணிகளின் காதில் மாட்டிவிடுவார். அதில் எப்போதும் ஒன்றுதான் கேட்கும்: "மனிதர்கள்! பறந்துவிடு!"

அன்று வந்த குழுவில் கரூர் ஆசிரியை அமுதவல்லிக்குக் கால் பிசகிவிட்டதால், எல்லோரும் ஓடைக்கரையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் எச்சரிக்கைக் குரல்கள் ஓய்ந்தன. பிறகு ஓர் ஆண் இருவாச்சி பறந்துவந்து, மரப்பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த தன் துணையிடம் சொன்னது:

"அத்திப்பழம் கொண்டுவந்திருக்கிறேன்."

செலஸ்டினின் கண்கள் நிறைந்துவிட்டன. "இத்தன வருஷத்துல இத நான் கேட்டதே இல்ல டீச்சர்."

கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பக்கத்துத் தீவுக்குப் போற படகு காத்துக்கிட்டிருக்கு" என்றார் தயக்கத்துடன்.

"கடல் எங்கயும் போயிடாதுங்க" என்று அமுதவல்லி கிசுகிசுத்தாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.