தண்ணி ஏறுது

ஜன்னலோரம் போய் நின்று, உலகத்துக் கவலையெல்லாம் குரலில் சேர்த்துச் சொன்னாள் மருமகள். “அண்ணி, தண்ணி ஏறுது.”

கட்டிலில் சாய்ந்திருந்த நாத்தனார் அசையவில்லை. “ஏறட்டுமே! அதான் பாலம் வந்தாச்சே.” தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டாள்.

போச்சு. எல்லாம் போச்சு.

அந்தத் தீவுகளில் விருந்தாளியிடம் ‘கிளம்புங்கள்’ என்று யாரும் சொன்னதில்லை. தண்ணி ஏறுது என்றால் போதும். எப்பேர்ப்பட்ட சம்பந்தியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தீவுக்குத் தீவு போகும் மணல்பாதை முங்குவதற்குள் ஓடிவிடுவார். மனஸ்தாபம் கிடையாது. பழி கடலுக்கு.

இப்போது பாலம் வந்துவிட்டது. நாத்தனாரும் வந்துவிட்டாள், சும்மா எட்டிப் பார்க்க. அது போன வாரம்.

அடுப்படி டப்பாக்களெல்லாம் இடம் மாறிவிட்டன. உப்பைத் தேடினால் சோப்புத்தூள் வருகிறது. புருஷனோ, அக்கா என்ன அன்னியமா என்று கேட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டான். மகராசன்!

பாலம் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தி, மந்திரி வந்த படகையே மறித்தவள் இவள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இன்னும் ஒரு ராத்திரி இருந்தால் வாய் ஏதாவது உளறித் தொலைத்துவிடும் என்று பயம் வந்தது. துணிமணிகளைப் பையில் திணித்தாள். பிறந்த வீடு அடுத்த தீவில். பாலத்தில் ஏறி விறுவிறுவென்று நடந்தாள். கீழே கடல் நிரம்பிக் கிடந்தது, யாருக்கும் உபகாரம் இல்லாமல்.

தம்பி பெண்டாட்டிதான் கதவைத் திறந்தாள். அவள் கண் முதலில் பைக்குத்தான் போனது. பெரிய பை.

“வாங்க அண்ணி,” என்றாள்.

தீவுகள் எல்லாம் சேர்ந்து போட்ட கூட்டத்தில், பாலம் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் இந்தப் பெண்தான். தன்னந்தனியாக எழுந்து நின்று சொன்னாள். கூறுகெட்டவள் என்று ஊரே சிரித்தது.

ஏன் வேண்டாம், காரணத்தைச் சொல்லு என்று அதட்டியது அவளுடைய நாத்தனார். இவளேதான்.

அதற்கு மட்டும் அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை.