சின்ன எண்

பனியன் கம்பெனியின் தகரக் கூரை கீழே இறக்கும் வெப்பம், சதுர மீட்டருக்கு இருநூறு வாட். அளக்க வந்த சுகந்தி எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் பொன்னுசாமிக்கு அந்த எண் கண்ணை உறுத்தியது.

"சரக்கு வாங்குற பையர் பார்த்தா ஆர்டர் போயிருமுங்க. வேற யூனிட்டுல மாத்திக் குடுங்க அம்மணி."

பிரிட்டிஷ் அலகில் அறுபத்து மூன்று வந்தது. அதுவும் பெரிதாம். பல்லைக் கடித்துக்கொண்டு, சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு எத்தனை கலோரி என்று மாற்றினாள். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஐந்து.

"சூடு அதேதான் சார்" என்றாள். அவர் தாளோடு போய்விட்டிருந்தார்.

மறுநாள் கருவியை எடுத்துப்போக வந்தாள். ஏணி போட்டு மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் மாராத்தாள் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி திரும்பினாள்.

"ஏனுங்க, இங்க சூடே இல்லைன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமா?"