பின்னால் நிற்கும் ஊழியம்

"ஆண்டவரே, இன்னிக்காவது ஒல்லியான ஆளுங்களா அனுப்பும்!"

மேடையோரம் நின்று இப்படி மன்றாடிக்கொண்டிருந்தவர் தாங்குகிற சகோதரர். பாஸ்டர் நெற்றியில் கை வைத்ததும் ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று மல்லாக்க விழுகிறவர்களைப் பின்னாலிருந்து பிடித்து, அடிபடாமல் தரையில் கிடத்த வேண்டும். அதுதான் அவருடைய ஊழியம். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

போன வாரம்தான் வந்தது வினை. பிடித்த பிடியில் முதுகு 'மளுக்'கென்றது. இன்றைக்குக் கோட்டுக்குள்ளே இடுப்பு பெல்ட்.

வெளியே சொல்லத்தான் முடியுமா? மேடைச் சுவரில் 'இங்கே வியாதிக்கு இடமில்லை' என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தாங்குகிறவனுக்கே முதுகுவலி என்று தெரிந்தால், விசுவாசமில்லாதவன் என்று சொல்லி ஆளை மாற்றிவிடுவார் பாஸ்டர்.

அடுத்து மேடையேறியவர் கேக் கடை அக்கா. நல்ல தாட்டியான உடம்பு. சகோதரர் கோட்டுக்குள் கை விட்டு பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கிக்கொண்டார்.

"வீட்டுக்காரர் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கார் பாஸ்டர். அவருக்காக ஜெபம் பண்ணுங்க."

பாஸ்டர் நெற்றியில் கை வைத்தார். அக்கா அசையவில்லை.

"அக்கினி!" என்று மைக்கில் கத்திவிட்டு லேசாகத் தள்ளினார். ம்ஹூம்.

மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் நின்றார்.

பாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. "போன வாரம் விழுந்தீங்களே சகோதரி! ஒரு வாரத்துக்குள்ள அப்படி என்ன பாவம் பண்ணீங்க? நீங்க இப்படி நின்னா வீட்டுக்காரர் எப்படி எழுந்திருப்பார்?"

சபை முழுக்க 'உச்' கொட்டியது. அக்காவின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். அப்போதும் விழவில்லை.

"இது அவிசுவாசம்!" என்றார் பாஸ்டர்.

"ஆமென்!" எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் நம் சகோதரர்தான். பிழைத்தோம் என்ற சந்தோஷம் அவருக்கு.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் அவரை அழைத்தார். "அந்தம்மாவை உபவாசம் இருந்துட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் மேடைப் பக்கம் வர வேண்டாம்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சகோதரர் விறைப்பாகப் போய் நின்றார். பாஸ்டர் சொன்னதை ஒப்பித்தார். கூடவே தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

"இவ்வளவு வீம்பு ஆகுமாக்கா? ஆவியானவரை எதிர்த்து நிக்கலாமா?"

"ஆவியானவரை எங்க தம்பி எதிர்த்தேன்? பாஸ்டர் கையைத்தான் எதிர்த்தேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் நான் உங்க மேல சாய்ஞ்சப்ப எல்லாரும் அல்லேலூயான்னாங்க. நீங்க மட்டும் 'ஐயோ அம்மா'ன்னீங்க. என் காதுகிட்டதானே சொன்னீங்க."

சகோதரரின் கை தானாகக் கோட்டுப் பொத்தானைத் தேடியது.

"பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் விழுந்தா தாங்க நீங்க இருக்கீங்க. நீங்க விழுந்தா தாங்க இங்க யார் தம்பி இருக்கா?"