தூக்கிய கை

வணக்கம், எல்லாரும் சௌக்கியம்தானே? இந்த அறையைக் கொஞ்சம் பாருங்கள். மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. பொம்மைத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் குழுவின் கேப்டன் சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஆட்டம் முடிந்து, கையில் அந்தப் பொம்மைத் துப்பாக்கியோடு தெருவில் நடந்து வந்த அவள் தம்பியை, நிஜத் துப்பாக்கி என்று நினைத்துப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது. "சாப்பிட்டியாடா, தடியா?" என்று கேப்டனைக் கேட்கிறாள். "ஆச்சுக்கா. நாளைக்கு விசாரணையில விளையாட்டு மேல தப்பில்லன்னு நீங்க சொல்லணும். இல்லன்னா தடை பண்ணிருவாங்க. அவன் உசுரே அதுலதான இருந்துச்சு." "ம்." தம்பியின் பச்சைச் சட்டையை அவள் உதற, அதன் பையிலிருந்து பிளாஸ்டிக் குண்டு ஒன்று விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டு போகிறது. யாரும் குனியவில்லை. "கையைத் தூக்குன்னு போலீஸ் கத்துனாங்களாம். இவனும் தூக்கினானாம். அப்புறம் ஏன்டா சுட்டாங்க?" கேப்டன் தரையைப் பார்த்துச் சொல்கிறான். "ஆட்டத்துல அவுட்டானா துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கிட்டு நடக்கணும்க்கா. அப்ப யாரும் சுடக் கூடாது. அதான் ரூல். அந்தப் பழக்கத்துல துப்பாக்கியோடயே தூக்கியிருப்பான்..." மின்விசிறி கடகடக்கிறது. அக்கா சட்டையின் காலரை நீவி விடுகிறாள். "நாளைக்கு இதையும் சொல்லட்டுமா?" அவன் குனிந்து சோபாவுக்கு அடியில் குண்டைத் தேடுகிறான். அவள் அடுத்த துணியை எடுக்கிறாள். உங்கள் வீட்டில் இப்படி ஆடப் போகிறவர்கள் உண்டா? போலீஸ் கத்தினால் கையில் இருப்பதைக் கீழே போடுவார்களா, தூக்குவார்களா? கேட்டு எனக்கு எழுதுங்கள்.