பின்னல் ஒயர்

சற்குணம் தன் ஸ்பீக்கருக்காக வீட்டிலேயே இரண்டு ஒயர் தயாரித்தார். ஒன்று, மூன்று நாள் உட்கார்ந்து எட்டு இழையாகப் பின்னியது. மற்றது, ஃபேனுக்கு வாங்கியதில் மிஞ்சியது. எந்த ஒயரில் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல வந்த நண்பர் அருளப்பன் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இரண்டுக்கும் ஒரே கறுப்பு உறை மாட்டினார்.

"தோத்தா மாடியில துணி காயப்போடக் கட்டிடுவாராம், அண்ணே" என்று நடுங்கியது ஃபேன் ஒயர்.

"போய்ட்டு வா" என்றது பின்னல் ஒயர்.

முதலில் ஃபேன் ஒயரில் பாட்டு ஓடியது. "சுமார்தான்" என்றார் அருளப்பன்.

ஒயரை மாற்ற எழுந்த சற்குணம், அடுப்பில் பால் பொங்குவதைக் கண்டு ஓடினார். திரும்பி வந்தவர், மாற்றிவிட்ட நினைப்பில் அதே பாட்டைப் போட்டார்.

அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா! நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குதுய்யா!"

"பாத்தியா, தரையில படுத்துக்கிட்டே ஜெயிச்சுட்டேன்!" என்றது பின்னல் ஒயர்.

"அப்போ இதுவே இருக்கட்டும்" என்ற சற்குணம், தரையில் கிடந்ததை எடுத்துப்போய் மாடியில் இழுத்துக் கட்டினார்.

மறுநாள் தன்மேல் தொங்கிய ஈரத்துண்டிடம் பின்னல் ஒயர் சொன்னது: "என் மேல காய்ஞ்சா வெளுப்பே தனி."

துண்டு கண்ணை மூடிக்கொண்டது. "ஆமாங்க, வித்தியாசம் நல்லாவே தெரியுது!"