பிடுங்கிய பாதி

"உன் மெயிலைப் பார்த்தேன்! என் சர்வர் மெமரியில பாதியைப் பிடுங்கிட்டியாமே?"

மணிலா வங்கி ஒன்றின் விளம்பரப் பிரிவுத் தலைவர் நெஸ்டோர் கத்தினார். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு மெமரி என்று பங்கிட்டுக் கொடுப்பவள் மாரிவிக்.

"சும்மாதானே சார் கிடந்துச்சு? கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டுலேருந்து நம்ம ஜனங்க வீட்டுக்கு அனுப்புற பணம் தேங்கக்கூடாதுன்னு அந்தப் பக்கம் குடுத்துட்டேன்."

"நீ என்ன பேங்குக்கே ஓனரா? காலையிலேருந்து எல்லாம் நொண்டியடிக்குது! திருப்பிக் குடு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

மாரிவிக் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"போறேன் சார். மெமரியை மட்டும் தர மாட்டேன். அதை எடுத்து மூணு மாசம் ஆச்சு; நம்ம ஊர்ல செப்டம்பர்லயே மால்ல கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பிப்பாங்களே, அன்னைக்கு. இன்னைக்குக் காலையில அனுப்பினது வெறும் மெயில்தான்."