ஐந்தாவது கொக்கி

முஸ்தஃபா அண்ணன் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் வந்து நின்றார். வரிசை தயார்.

ஜெலுத்தோங் மண்டபத்தில் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒன்றுகூடினால் பிரியாணிக்கு முன்னால் இதுதான் முதல் வேலை. எல்லைக் காட்டில் சண்டை நடந்த காலத்தில் ஒரே விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தவர்கள் எட்டுப் பேர். இன்று ஆறு பேர் இருக்கிறார்கள். மனைவிமாரும் பிள்ளைகளும் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

குதிப்பதற்கு முன் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனின் கட்டுகளைச் சரிபார்த்துத் தோளில் ஓர் அடி கொடுக்க வேண்டும். அடி வாங்கியவன் தன் எண்ணைச் சொல்லி 'ஓகே' என்று கத்த வேண்டும். கடைசி ஆளில் தொடங்கி முதல் ஆள் வரை.

சொல்லாதவனின் பாராசூட் கொக்கியை விமானத்துக்குள் மேலே ஓடும் கம்பியிலிருந்து கழற்றி, அவனை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அவன் இல்லாமல் மற்றவர்கள் நெருங்கி நின்றுகொள்வார்கள்.

வயதான பிறகு அதையே வாட்ஸ்அப்பில் செய்கிறார்கள். காலையில் ஒவ்வொருவரும் எண்ணைப் போட்டு ஓகே போட வேண்டும். ராணுவத்தில் எண்ணுவது மலாயில்தான். என் வீட்டுக்காரர் பெஞ்சமின் ஐந்தாவது ஆள். 'லீமா, ஓகே.'

இரண்டு வருடமாக அதைப் போடுவது நான், அமலம்மாள்.

அவருக்கு மறதி நோய். ஒருநாள் ஃபெரியில் தன் போனைக் கடலில் போட்டுவிட்டு, வேறு யாரோ போட்டது போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் எனக்கு உறைத்தது. புதுப் போன் வாங்கினேன். பழைய செய்தி ஒன்றுகூட அதில் இல்லை. மறுநாள் காலையில் மற்றவர்கள் போட்டதைப் பார்த்து அதே மாதிரி நானே போட்டேன்.

பாவம் பார்த்து அவரை ஓரமாக உட்கார வைக்க நான் விடமாட்டேன். கடவுள் கொக்கியைக் கழற்றினால் சரி. மனிதர் கழற்றக் கூடாது என்பது என் கட்சி.

பெருமைக்குச் சொல்லவில்லை, இது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

நாலாவது ஆளான புவனேஸ்வரன் தம்பியைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அவர் வீடு தள்ளி, புக்கிட் தெங்காவில். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாகான் டாலாமில் எங்கள் வாசலில் அவர் கார் வந்து நிற்கும். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் அண்ணி என்பார். கையில் பப்பாளிப் பழம் இருக்கும்.

அண்ணன் இப்போதுதான் தூங்கினார் என்பேன். இல்லாவிட்டால் குளிக்கிறார் என்பேன். அவரும் தலையாட்டிவிட்டு, கேஸ் மாற்ற வேண்டுமா, காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். எவ்வளவு சுலபமாக நம்புகிறார் என்று கதவைச் சாத்திவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

இன்று மட்டும் தப்ப வழியில்லை. வராவிட்டால் சந்தேகம் வரும். அதனால் ஒரு வாரமாக என் வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்தினேன். வரும்போது ஃபெரியிலும் தோளில் தட்டித் தட்டி, 'லீமா, ஓகே' சொல்லுங்கள் என்றேன்.

"சரி மிஸ்ஸி" என்றார். என்னை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துவிட்டார்.

அழுகை வந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை என்று மறுபடியும் தட்டினேன்.

மண்டபத்தில் நுழைந்ததும், இவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச வைக்காதீர்கள் என்று நானே முந்திக்கொண்டேன். அவர் சிரித்த முகமாக எல்லாருக்கும் கை கொடுத்தார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தேன்.

இதோ, பின்னாலிருந்து குரல் வருகிறது.

"எனாம், ஓகே" என்று கத்திய ஆறாவது ஆளான முஸ்தஃபா அண்ணன், என் வீட்டுக்காரர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.



நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கினேன். சொல்லுங்களேன், ஒரே ஒரு தடவை.

அவர் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"ஆமென்" என்றார், உரக்க.

போச்சு. மறக்காமல் அவரிடம் மிஞ்சியிருக்கும் சொல் அது ஒன்றுதான். பூசையில் ஃபாதர் தும்மினாலும் ஆமென் சொல்கிறார். இங்கேயும் சர்ச் என்று நினைத்துவிட்டார். இரண்டு வருடம் நான் கட்டிக் காத்தது ஒரே சொல்லில் போயிற்று.

ஓடிப் போய் அவர் கையைப் பிடிப்பதற்குள் அந்தக் கை உயர்ந்து, முன்னால் நின்ற புவனேஸ்வரன் தம்பியின் தோளில் பளாரென்று விழுந்தது.

புவனேஸ்வரன் தம்பி தன் எண்ணைச் சொல்லவில்லை. தோள் குலுங்கியது. பின்னால் முஸ்தஃபா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"மன்னிச்சிக்குங்க தம்பி, சர்ச்சுன்னு நெனச்சிட்டாரு" என்றேன்.

அவர் திரும்பாமலே பேசினார். "அண்ணன் வாயில ஓகே வந்ததே இல்ல அண்ணி. பிளேன்லயும் ஆமென்தான். அந்தப் பழைய போன் இருந்த வரைக்கும் அதுலயும் ஆமென்தான் லா."

ராணுவத்துக் கதை எதையும் இந்த மனுஷன் வீட்டில் சொன்னதே இல்லை. நான் எத்தனை ஓகே போட்டிருப்பேன். முதல் ஓகேயிலேயே அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

புவனேஸ்வரன் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். "அம்பாட், ஓகே" என்று கத்தி, தனக்கு முன்னால் நின்றவர் தோளில் அடித்தார். வரிசை நகர்ந்தது. கொக்கியை யாரும் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கம் புவனேஸ்வரன் தம்பிக்கு எந்த வேலையும் இருந்ததில்லை.